கடைசி ஆள் வெளியே போகிற வரைக்கும்

நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்களிடம் எங்கிருந்து திட்டமிட ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மேடையைத்தான் சொல்வார்கள். யார் பாடுகிறார்கள், எந்த அணிகள் ஆடுகின்றன, பரிசு கொடுக்க யார் வருகிறார்கள், பேனரில் ஸ்பான்சர் பெயர் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும், இப்படி. நானும் பல வருஷம் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது ஒரு புது வேலைக்கு உட்கார்ந்தால் தாளில் முதலில் எழுதுவது, கடைசி ஆள் கேட்டைத் தாண்டி வெளியே போகிற நேரம். அங்கிருந்து பின்னோக்கி வருவேன். அந்த நேரத்துக்குள் எல்லாரும் போக எத்தனை வழி வேண்டும், அதற்கு முன்னால் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிய வேண்டும், அதற்கு முன்னால் எப்போது தொடங்க வேண்டும், அதற்கும் முன்னால் கேட்டை எப்போது திறக்க வேண்டும். மேடை கடைசியில்தான் வரும்.

இந்தப் பழக்கம் ஒரே ராத்திரியில் வந்தது.

ஒரு கால்பந்து இறுதிப் போட்டி, பரிசளிப்பு முடிந்ததும் அதே மைதானத்தில் இசை நிகழ்ச்சி. சுமார் 6,000 பேர். மைதானப் பொறுப்பு என்னுடையது. மேடை, ஒலி, விளக்கு மூன்றையும் வேறொரு குழு பார்த்துக்கொண்டது. வெளியே போக மூன்று வழிகள், 4 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கேட், 3 மீட்டரில் இரண்டு. ஆட்டமும் நன்றாக நடந்தது, பாட்டும் நன்றாக நடந்தது. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாமானை ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாம் என்று ஒரு வேன் அந்தப் பெரிய கேட் வழியாக உள்ளே வந்து பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் ஆட்கள், பின்னாலும் ஆட்கள், இனி அந்த வண்டியை எந்தப் பக்கமும் நகர்த்த முடியாது.

மற்ற இரண்டு கேட்டும் திறந்தேதான் இருந்தன. ஆனால் மனிதர்கள் வந்த வழியாகவேதான் திரும்பிப் போவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த வழிதான், வண்டி நிறுத்தியிருப்பதும் அந்தப் பக்கம்தான். பாதிப் பேர் அந்த ஒரே கேட்டை நோக்கி வந்தார்கள். வேனின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு அப்பா நின்றார், தோளில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை. அவர் தள்ளவில்லை, யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கை முழங்கையில் மெதுவாக மடங்கிக்கொண்டே வந்தது. நான் கத்தினேன். பத்து மீட்டர் தள்ளி இருந்தவருக்குக் கேட்கவில்லை. மைக்கை எடுக்க ஓடினால், ஒலிக்குழு ஏற்கெனவே மிக்ஸரை அணைத்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு பையன் ஒரே ஒரு சேனலை மறுபடியும் போட்டுக் கொடுத்தான். அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, முன்னால் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பின்னால் வந்துகொண்டிருந்தவர்களிடம் பேசினார். "பெரிய கேட் பக்கம் வருகிறவர்கள் அங்கேயே நில்லுங்கள், இடது பக்கம் கேட் காலியாக இருக்கிறது, திரும்பி நடங்கள்." மூன்று முறை, அவசரப்படாத குரலில். ஒரு நிமிஷத்தில் அந்த அப்பாவின் கை நேரானது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தக் கை மடங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் விரும்பவில்லை.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கு உலகம் முழுக்க எடுத்துப் பார்க்கிற ஒரு வழிகாட்டி பிரிட்டனில் இருக்கிறது, 'கிரீன் கைடு' என்று சொல்வார்கள். அதன் கணக்குப்படி சமதரையில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிஷத்துக்கு அதிகபட்சம் 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர். ஆபத்து எதுவும் இல்லாத வழக்கமான நேரத்தில் எல்லாரும் வெளியேறும் வழிகளுக்குள் வந்து சேர 8 நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. எங்கள் 10 மீட்டரில் நிமிஷத்துக்கு 820 பேர், 6,000 பேருக்கு ஏழரை நிமிஷம்கூட ஆகாது. தாளில் எல்லாம் சரி. ஆனால் வேன் பாதியை அடைத்ததும் பெரிய கேட்டில் மிஞ்சியது 2 மீட்டர், நிமிஷத்துக்கு 164 பேர். அந்தப் பக்கம் 3,000 பேர் வந்தால் 18 நிமிஷத்துக்கு மேல். மொத்த அகலத்தைக் கூட்டி எண்ணிக்கையை வகுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கூட்டம் நம் வசதிக்காகச் சமமாகப் பிரிந்து போகாது.

அந்த வழிகாட்டி வந்த கதையும் வெளியேறும் வழியில் தொடங்கியதுதான். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸ் - செல்டிக் ஆட்டம் முடிந்து மக்கள் 13ஆம் எண் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு கோல் விழுந்ததும் பாதி வழி இறங்கியவர்கள் திரும்பி மேலே ஓடினார்கள், அதனால்தான் நடந்தது என்று பல வருஷம் பேச்சு. விசாரணையில் அது உண்மையில்லை என்று சொல்லிவிட்டார்கள், எல்லாரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது, யாரும் வரம்பு மீறவில்லை, வீட்டுக்குத்தான் போகிறார்கள். அந்த வழிகாட்டியின் முதல் பதிப்பு 1973இல் வந்தது. ஆட்டம் முடிந்ததும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஒவ்வொரு ஏற்பாட்டாளரும் அந்தப் படிக்கட்டைப் பற்றி ஒரு தடவையாவது படிக்க வேண்டும்.

உள்ளே வருவதிலும் இதே கதைதான், ஆனால் நெருக்கடி கேட்டுக்கு வெளியே இருக்கும் என்பதால் உள்ளே இருக்கிற நமக்குத் தெரியாது. அதே வழிகாட்டி ஒரு நுழைவு வழியில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் எடுக்காதே என்கிறது. 6,000 பேர் ஒரு மணி நேரத்தில் வர வேண்டும் என்றால் பத்து வரிசை. சரி, பத்து வரிசை போட்டாயிற்று, பைகளைத் திறந்து பார்க்கவும் சொல்லியிருக்கிறோம், ஒருவருக்கு 12 நொடி ஆகிறது. அப்படியானால் மணிக்கு 300 பேர்தான், பத்து இல்லை, இருபது வரிசை வேண்டும். இந்த 12 நொடியை மேசையில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, ஒரு பையும் ஒரு குடையும் குழந்தையும் வைத்திருக்கிற ஆளை ஸ்கேனர் முன்னால் நிறுத்தி, போனில் டிக்கெட்டைத் தேடி எடுக்கிற நேரத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். நான் அளந்தபோதெல்லாம் நினைத்ததைவிட அதிகமாகத்தான் வந்திருக்கிறது.

1979இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு வெளியே காத்திருந்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலான டிக்கெட்டுக்கு இருக்கை எண் கிடையாது, முதலில் போகிறவருக்கு முன் இடம். சில கதவுகளைத்தான் திறந்தார்கள். உள்ளே சவுண்ட் செக் நடக்கிற சத்தம் வெளியே கேட்க, நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் முன்னே நகர்ந்தார்கள். ஒரு ஒலி, அவ்வளவுதான். அதனால் நான் செய்கிற எல்லாவற்றிலும் சவுண்ட் செக் முடிந்து குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் கேட்டுக்கு வர ஆரம்பிக்கிறபடி நேரம் வைப்பேன். கலைஞர் தாமதமாக வந்து சவுண்ட் செக் தள்ளிப் போனால், வெளியே வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒரு ஆளை அனுப்பி "இது ஒத்திகைதான், நிகழ்ச்சி ஏழரைக்குத்தான்" என்று சொல்ல வைப்பேன்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? தொடக்கத்தைத் தள்ளிப் போடுங்கள். இதைச் சொல்வது சுலபம், செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும், ஏனென்றால் ஒளிபரப்பு, கலைஞரின் மேனேஜர், மைதான வாடகை எல்லாம் உங்களை நெருக்கும். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கால்பந்து அரையிறுதியில் வெளியே நெரிசல் முற்றிய பிறகும் தொடக்க நேரம் மாறவில்லை. நெரிசலைக் குறைக்க வெளியேறும் கேட் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே வந்த கூட்டம் எதிரே தெரிந்த சுரங்கப் பாதை வழியாக, ரசிகர்கள் நின்று பார்க்கிற, ஏற்கெனவே நிறைந்திருந்த நடு அடைப்புகளுக்குள் போனது. 97 பேர் உயிர் போயிற்று. கேட்டைத் திறக்கும்போது அந்த மக்கள் உள்ளே எங்கே போவார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிஷம் தாமதமாகத் தொடங்கியதற்காக எந்த ரசிகரும் என்னைத் திட்டியதில்லை, காரணத்தை மைக்கில் சொல்லிவிட்டால்.

ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் கூட்ட நெரிசலை நான்கு விஷயமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: விசை, தகவல், இடம், நேரம். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு வந்துவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், தனி மனிதரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை, அலை வந்தால் அது போகிற பக்கம் அவரும் போக வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறார். இந்த நான்கில் நம்மிடம் அதிகம் இருப்பதும் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் தகவல்தான். முன்னால் நசுங்குகிறவர்கள் படுகிற பாடு பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. அழுத்தம் வருவதோ பின்னாலிருந்துதான். ஆகவே பேச வேண்டியது பின்னால் இருப்பவர்களிடம். அன்றைக்கு அந்த அறிவிப்பாளர் செய்தது அதைத்தான்.

அதனால் இப்போது என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அட்டை இருக்கும், மழையில் நனையாமல் லேமினேட் செய்தது, உள்ளங்கை அளவு. ஒரு பக்கத்தில் நான்கு வாக்கியம்: "ஒரு நிமிஷம் நிறுத்துகிறோம். பின்னால் இருப்பவர்கள் மூன்று அடி பின்னே வாருங்கள். பக்கத்தில் யாராவது விழுந்திருந்தால் கையைத் தூக்குங்கள். தயவுசெய்து காத்திருங்கள், மறுபடியும் சொல்கிறோம்." மறுபக்கத்தில் வெளியேறச் சொல்கிற அறிவிப்பு, கேட்டின் பெயரோடு. இதே அட்டை அறிவிப்பாளர் கையில் ஒன்று, ஸ்டேஜ் மேனேஜரிடம் ஒன்று, ஒலிப் பொறுப்பாளரின் மிக்ஸர் மேல் டேப் போட்டு ஒட்டியது ஒன்று. நிகழ்ச்சிக்கு முன்னால் காலி மைதானத்தில் ஒருமுறை அறிவிப்பாளரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, நான் கடைசி மூலைக்குப் போய் நின்று கேட்பேன். எழுதும்போது நன்றாக இருந்த வாக்கியம் எதிரொலியில் குழைந்துபோகும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது, 70 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு மேடை ஸ்பீக்கரின் சத்தம் ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வரும். பக்கத்திலேயே இன்னொரு ஸ்பீக்கர் இருந்து அதற்குத் தாமதம் சரியாக வைக்கவில்லை என்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். பாட்டு அதில் ஓரளவு தப்பிக்கும், அறிவிப்பு தப்பிக்காது.

அந்த மைக்குக்குத் தனி மின் இணைப்பும் வேண்டும். 2013இல் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நடுவில் பாதி அரங்கம் இருண்டு ஆட்டம் 34 நிமிஷம் நின்றது. அந்த அளவு பணமும் ஆளும் இருக்கிற இடத்திலேயே அது நடக்கும் என்றால் நமக்கும் நடக்கும். மேடை ஜெனரேட்டர் நின்றாலும் அறிவிப்பு மைக்கும் வெளியேறும் வழி விளக்குகளும் நிற்கக் கூடாது. ஒத்திகையில் உண்மையாகவே ஜெனரேட்டரை அணைத்துப் பார்ப்பேன், அணைந்தால் என்ன ஆகும் என்று வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை.

நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை நான் இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் புயல் காற்றில் மேடையின் மேல்கட்டு சரிந்து 7 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்தது. நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவை யார் எடுக்க வேண்டும் என்பதில் தெளிவு இல்லாமல் போனது விசாரணையில் வெளியே வந்தது. பலர் சேர்ந்து கலந்து பேசுகிற நேரத்தில் காற்று காத்திருக்காது. ஒரு ஆள், ஒரு பெயர், அவர் இல்லாவிட்டால் அடுத்த பெயர். காற்றின் வேகம் இத்தனையைத் தாண்டினால் திரைகளை இறக்கு, இத்தனையைத் தாண்டினால் மேடையைக் காலி செய் என்று மேடை கட்டியவரிடமே எண்ணாக வாங்கி வைத்துவிட வேண்டும். எண் இருந்தால் வாக்குவாதம் இருக்காது. இடி மின்னலுக்கும் அப்படித்தான். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்துத்தான் மைதானத்துக்குள் திரும்ப வேண்டும், நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. வீரர்கள் கெஞ்சுவார்கள், மழை விட்டுவிட்டதே சார் என்பார்கள். மழை விட்டிருக்கலாம், மின்னல் மேகம் இன்னும் தலைக்கு மேல் இருக்கலாம்.

போட்டி அட்டவணை போடுவதிலும் கடைசியிலிருந்து வருகிற முறைதான் எனக்குக் கைகொடுத்தது. நாக் அவுட்டில் எத்தனை அணி இருந்தாலும் அதில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை, ஏனென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அணி வெளியே போகிறது, கடைசியில் ஒன்றே மிஞ்சுகிறது. 23 அணிகளுக்கு 22 ஆட்டம், முதல் சுற்றில் 9 அணிகளுக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அதே 23 அணிகளும் ஒருவரோடொருவர் ஆட வேண்டும் என்றால் 253 ஆட்டம். ஆர்வத்தில் "எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும்" என்று கூட்டத்தில் முடிவு செய்துவிட்டு வருகிற குழுக்களுக்கு இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும். இறுதிப் போட்டி முடிய வேண்டிய நேரத்தை எழுதி, அதற்கு முன் அந்த அணிகளுக்கு வேண்டிய ஓய்வைக் கழித்து, அரையிறுதியை வைத்து, இப்படியே கீழே வந்தால் முதல் நாள் காலை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று தானாகத் தெரியும். பெரும்பாலும் அது யாருக்கும் பிடிக்காத அளவுக்கு சீக்கிரமாக இருக்கும். அப்போதுதான் இன்னொரு ஆடுகளம் வேண்டும் அல்லது அணிகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சே வரும். டென்னிஸில் இரண்டாவது ஆட்டத்துக்கு நேரம் போடாமல் "முந்தைய ஆட்டம் முடிந்ததும்" என்றோ "இத்தனை மணிக்கு முன் தொடங்காது" என்றோ போடுவதை நான் மற்ற ஆட்டங்களுக்கும் எடுத்துக்கொண்டேன், எப்போது முடியும் என்று தெரியாத எந்த ஆட்டத்துக்கும் அது பொருந்துகிறது.

அட்டவணை என்பது நேரக் கணக்கு மட்டும் இல்லை, அதில் நியாயமும் இருக்கிறது. 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றால் இரண்டு அணியும் அடுத்த சுற்று, முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது, அதற்கப்புறம் இரண்டு அணியும் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். 1986இலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனில் நான்கு ஜோடிகள், எட்டு வீராங்கனைகள், வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததற்காக வெளியேற்றப்பட்டார்கள். தோற்றால் அடுத்த சுற்றில் வசதியான எதிராளி கிடைக்கும் என்கிற மாதிரி அமைப்பு இருந்தது. அவர்கள் செய்தது தப்புதான். ஆனால் தோற்பதில் லாபம் இருக்கிற ஒரு அட்டவணையைப் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சின்னப் போட்டியாக இருந்தாலும், அட்டவணை தயாரானதும் ஒவ்வொரு அணியின் இடத்திலும் உட்கார்ந்து "நான் தோற்றால் எனக்கு நல்லதா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுவேன்.

நான் மிகவும் நேசிக்கிற வேலை நெடுந்தூர ஓட்டம். மராத்தான் 42.195 கிலோமீட்டர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921இல் விதியாக நிலைத்தது. ஆனால் பாதையை அளக்கிறவர்கள் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிப் போடுவார்கள், அதாவது மொத்தம் சுமார் 42 மீட்டர் கூடுதல், தப்பித் தவறியும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. அளப்பது சைக்கிளில். முன் சக்கரத்தில் ஒரு சின்ன எண்ணிக் கருவி, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒட்டி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே போக வேண்டும். விடியற்காலையில் வாகனம் இல்லாத நேரத்தில் ஒரு வண்டி பின்னால் காவலுக்கு வர அந்த சைக்கிள் வளைவுக்கு வளைவு குறுக்கே போய்க்கொண்டிருப்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆனால் அங்கேயும் என் கண் இருப்பது கடைசி ஓட்டக்காரர் மேல். முதல் ஆள் வருகிற நேரத்துக்கு எல்லாம் தயாராக இருக்கும், கேமரா இருக்கும், ரிப்பன் இருக்கும். கடைசி ஆள் வரும்போது தண்ணீர் மேசையை மடித்திருப்பார்கள், வளைவில் வழிகாட்டுகிற தன்னார்வலர் கிளம்பியிருப்பார், இறுதிக் கோட்டின் அலங்கார வளைவை இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஐந்தரை மணி நேரம் வெயிலில் ஓடி வந்த ஒருவருக்கு அதைக் காட்டுவது கொடுமை. கெடு நேரம் ஆறு மணி நேரம் என்று அறிவித்தால் ஆறு மணி நேரமும் முதல் ஆளுக்கு இருந்த தண்ணீர், வைத்தியம், பதக்கம் எல்லாம் இருக்க வேண்டும். அதற்கு மருத்துவ வண்டி ஒன்று கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வர வேண்டும், ஒவ்வொரு தண்ணீர் மேசையும் அந்த வண்டி தாண்டிய பிறகுதான் மூட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மூடக் கூடாது, வண்டியைப் பார்த்து மூட வேண்டும். இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்ததும் என் தன்னார்வலர்களின் கேள்விகளில் பாதி நின்றுவிட்டது.

தன்னார்வலர்களைப் பற்றி: லண்டன் ஒலிம்பிக்கில் 70,000 பேர் வேலை செய்தார்கள், நம்மிடம் எழுபது பேர் இருக்கலாம், தேவை ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், பக்கத்து வெளியேறும் வழி எது, முதலுதவி எங்கே, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். பாதுகாப்பு பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, அவர் நிற்கப் போகிற இடத்தை நிகழ்ச்சி நாளன்றுதான் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பைச் சுருக்கி, அந்த இடத்துக்கே கூட்டிப் போய் நிற்க வைத்து, அங்கிருந்து கேட்டுக்கு நடக்க வைத்துவிடுங்கள், அவருக்கு அது மறக்காது. வாக்கி டாக்கியில் மருத்துவத்துக்குத் தனி சேனல், அதில் வேறு பேச்சு கிடையாது.

மேடைக்கு முன்னால் வைக்கிற தடுப்பை மட்டும் சிக்கனம் பார்த்து வாங்காதீர்கள். சாலையில் வைக்கிற லேசான தடுப்பு கூட்டம் சாய்ந்ததும் கவிழ்ந்து அதன் கால்களில் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். மேடைத் தடுப்பில் கூட்டத்தின் பக்கம் ஒரு தகட்டுத் தளம் இருக்கும், அதன் மேல் மக்கள் ஏறி நிற்க, அவர்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். தடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் ஆட்களைத் தூக்கி வெளியே கொண்டுபோக நடைபாதை விட வேண்டும். 2000இல் டென்மார்க்கின் ராஸ்கில்டே இசை விழாவில் மேடைக்கு முன்னால் ஒன்பது பேர் இறந்த பிறகு அங்கே முன்பகுதியையே தனித்தனி அடைப்புகளாகப் பிரித்து எண்ணிக்கை வைக்க ஆரம்பித்தார்கள். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே வழி வைப்பதும் என் தாளில் இப்போது கிடையாது, 2010இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 'லவ் பரேட்' இசை விழாவில் ஒரே சரிவுப் பாதையில் இரண்டு பக்கத்துக் கூட்டமும் சந்தித்து 21 பேர் போனார்கள்.

கழிப்பறை, ஆம்புலன்ஸ் வழி, வண்டி நிறுத்தம் பற்றியெல்லாம் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒன்று மட்டும்: ஆம்புலன்ஸ் வருகிற வழியும் மக்கள் வெளியே போகிற வழியும் ஒன்றாக இருந்தால் அந்த மைதானத்தை நான் எடுப்பதில்லை.

கேட்டைப் பார்க்கப் போகும்போது படத்தை நம்பாமல் கையால் திறந்து பார்க்க வேண்டும். இரட்டைக் கதவில் ஒரு கதவுதான் தினமும் திறப்பார்கள். இன்னொன்றின் தாழ்ப்பாள் தரையில் இறங்கியிருக்கும், இறங்குகிற குழியில் மண்ணும் கல்லும் இறுகிப் போயிருக்கும், கம்பி துருப்பிடித்துத் தூக்க வராது. படத்தில் 4 மீட்டர், கையில் 2 மீட்டர். ஒருமுறை காவலாளி ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் அந்த மண்ணைக் குத்திக் குத்தி எடுத்து, எண்ணெய் விட்டு, பலகையால் தட்டி, முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் கதவு கிரீச்சென்று திறந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் எந்தக் கச்சேரியிலும் இருந்ததில்லை. "இது திறந்து நான் பார்த்ததே இல்ல சார்" என்றார். அன்றைக்கு ராத்திரி அந்தக் கதவு வழியாக சுமார் ஆயிரம் பேர் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். சாமான் வண்டிகள் வெளியே வரிசையாக நின்றன, கடைசி ஆள் போய்விட்டார் என்று நான் வாக்கி டாக்கியில் சொல்லும் வரை ஒன்றும் உள்ளே வரவில்லை. மைக்கும் அதுவரை அணையவில்லை.

அடுத்த வாரம் ஒரு புது மைதானத்தைப் பார்க்கப் போகிறேன். படம் அனுப்பியிருக்கிறார்கள், வடக்குப் பக்கம் 4 மீட்டர் கேட் என்று போட்டிருக்கிறது. அளவு நாடா, ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்க் குப்பி மூன்றையும் பையில் வைத்துவிட்டேன்.